பச்சைத் தாளில் முப்பத்தொன்பது தப்பு

சங்கிலிப்பாண்டி, வயது 47, தகப்பனார் பெயர் மாரிசாமி, இராஜபாளையம், காமராஜர் மாவட்டம். 18.5.1994 புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் ஸுந்தரராஜன் முன்பாக ஆஜராகிச் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி ஊரில் என் தங்கை வெள்ளத்தாய் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். நூல் மில்லில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். நான் லீவு போட்டால் அன்றைக்கு ஒரு மிஷினும் ஒழுங்காக ஓடாது, மேனேஜரே ஆள் விட்டுக் கூப்பிடுவார். என்ன வேலை என்று ஏட்டையா கேட்டதன் பேரில் சொல்கிறேன், மிஷின்களுக்கு எண்ணெய் விடும் வேலை. காணாமல் போன செல்லக்கனி, வயது 17, என் தங்கையின் ஒரே மகள், தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் சம்பந்தமாக நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் சில இடங்கள் சரியில்லை. அதைத் திருத்திச் சொல்ல வந்திருக்கிறேன்.

செல்லக்கனி பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் சேருவதற்கான நுழைவுத் தேர்வுக்கு மனுப் போட்டிருந்தாள். ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரியில் வேலை பார்க்கும் என் மச்சினனுக்கு அவளை ஆவணியில் முடிப்பதாகப் பேச்சு இருந்தது. பேச்சை எடுத்தவன் நான்தான். பரீட்சை நன்றாக எழுதினால் கல்யாணத்தை நிறுத்திப் படிக்க வைப்பது, இல்லாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்டுவது என்று அவள் என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

15ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் அவளைப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டி வந்தேன். கணக்குப் பரீட்சை பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிந்தது. அதுவரை நான் பள்ளிக்கூட வாசலில் நின்ற பெற்றோர்களிடம், எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதையும், என் பேப்பரைப் பார்ப்பதற்கென்றே மதுரையில் இருந்து அதிகாரி காரில் வந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பிள்ளைகள் வெளியே வந்து, பக்கத்தில் நின்ற கோயில் தேர் நிழலில் கூடி உட்கார்ந்து விடை ஒத்துப் பார்த்தார்கள். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. தாங்கள் எழுதிய விடையை அவரவர் கேள்வித்தாளில் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார்கள். எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வரும் சடகோபன் என்ற பையன் தாளை வைத்துத்தான் மற்றவர்கள் சரிபார்ப்பது வழக்கமாம். அவனை அவன் தகப்பனார் சாப்பிடக் கூப்பிட்டதால், தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். “தள்ளி உக்காருங்க பிள்ளைகளா, இது மாமா டிபார்ட்மெண்ட்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கனியும் சிரித்தாள்.

முதலில் அவள் சிநேகிதி, செட்டியார்பட்டி தங்கபாய் தாளைப் பார்த்தேன். ஒன்று ஆ, இரண்டு ஈ என்று வரிசையாகச் சடகோபன் தாளோடு ஒத்துப் பார்த்து, முப்பத்தெட்டு சரி என்று சொன்னேன். அந்தப் பிள்ளை குதித்தது. அதன் பிறகு செல்லக்கனி தாளை வாங்கினேன். ஒன்றாவது ஒத்து வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மில்லில் சிட்டை எழுதும் சிவப்பு மைப் பேனா என்னிடம் இருந்தது. ஒவ்வொரு தப்புக்கும் பெரிதாக இன்ட்டு போட்டேன். கேள்வியையும் சேர்த்து வாசிக்கச் சொன்னாள். வேண்டியதில்லை, பார்த்தவுடனே கணக்கு என் மனசில் ஓடிவிடும் என்று சொன்னேன். “அந்தத் தாளக் குடுங்க மாமா, நானே பாக்கேன்” என்று கை நீட்டினாள். பிறத்தியார் நம்பிக் கொடுத்த பொருள் என்று சொல்லித் தாளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மொத்தம் முப்பத்தொன்பது தப்பு. “ஏட்டி, ஆவணிக்கு என்ன கலர்ல பட்டு வேணும்னு இப்பவே சொல்லிரு” என்று கூடியிருந்தவர்கள் கேட்கச் சொன்னேன். கேலிக்குத்தான் சொன்னேன்.

அவள் அழவில்லை. தன் தாளை வாங்கி எட்டாக மடித்தாள். அதன் பிறகு குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவி, தாவணி முனையால் ஈரம் போகத் துடைத்து, மூடி என் கையில் கொடுத்தாள். முன்னால் போங்கள், தங்கபாயோடு வருகிறேன் என்று சொன்னாள். நான் சடகோபன் தாளை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். அதன் பிறகு நடந்ததைத்தான் நேற்று மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மாலை நாலு மணிக்கு நான் மட்டும் வீடு போனதும், பிள்ளை எங்கே என்று தங்கை கேட்டது. தங்கபாயோடு வருகிறாள் என்றால் ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கும், பரீட்சையைப் பற்றியும் கேட்கும். ஆகவே, பரீட்சை பிரமாதம், களைப்பாக இருந்தாள், நானே மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்து அங்கே இருக்கும் அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன் என்று சொன்னேன். ராத்திரிக்குள் அவளே வந்துவிடுவாள், இதைச் சிரித்துக் கழித்துவிடலாம் என்று இருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை தங்கை சந்தோஷத்தில் பணியாரம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தது. எனக்கும் ஆறு கொடுத்தது. நான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெரியம்மா மகன் மதுரையில் இருந்து வேறு ஜோலியாக வந்து, செல்லக்கனி அங்கே வரவே இல்லை என்று சொன்னான். அதன் பிறகு புகார் கொடுத்தோம். என்னை விசாரித்தபோது, பஸ் நீலக் கலர் என்றும், கண்டக்டருக்கு முறுக்கு மீசை என்றும், அவர் எனக்குப் பழக்கம் என்றும் சொன்னேன். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்டக்டரைத் தேடி இரண்டு போலீஸ்காரர்கள் மதுரை போயிருப்பதாக அறிகிறேன். அப்படி ஒரு கண்டக்டர் இல்லை. நான் அவளைப் பஸ் ஏற்றவில்லை.

இன்று காலை தங்கை டிபன் பாக்ஸைத் திறந்தது. மூன்று நாளாக அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. உள்ளே பரீட்சைக்காக இரவல் கட்டிப் போன தங்கையின் கைக்கடிகாரமும், எட்டாக மடித்த கேள்வித்தாளும் இருந்தன. தங்கை இரண்டையும் இந்த நிலையத்துக்குக் கொண்டு வந்தது. ஏட்டையாவின் மகளும் அதே பரீட்சை எழுதியவள். தாளைப் பார்த்ததும் ஏட்டையா, இது பச்சை, என் மகளுக்குக் கொடுத்தது வெள்ளை என்று சொல்லி, சடகோபனை வரவழைத்தார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாமல் இருக்க, வெள்ளைத் தாளிலும் பச்சைத் தாளிலும் அதே கேள்விகளை வரிசை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். அவனுடையதும் தங்கபாயுடையதும் வெள்ளை. அதன் பிறகு என் சிவப்பு இன்ட்டுகளுக்கு நடுவே கேள்விகளைத் தேடிப் பிடித்து வாசித்து, செல்லக்கனி எழுதியதில் நாற்பத்தாறு சரி என்று சொன்னான். தங்கபாயை விட எட்டு அதிகம்.

அவள் கேட்டபடி நான் ஏன் கேள்வியை வாசிக்கவில்லை என்று ஏட்டையா கேட்டதன் பேரில் சொல்கிறேன். அந்தக் கேள்விகளை எனக்கு வாசிக்கத் தெரியாது. அதில் இருந்த குறி ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. அ, ஆ, இ, ஈ மட்டும்தான் தெரிந்தது. நான் படித்தது ஆறாம் வகுப்பு, அதையே இரண்டு தடவை. தாள் கலர் வேறாக இருந்ததைப் பார்த்தேன். பெண்பிள்ளைகளில் சிலருக்கு அப்படிக் கொடுப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தங்கை என் சட்டையைப் பிடித்து, “ஒரே ஒரு தரம் நெசத்தச் சொல்லுண்ணே, புள்ள எந்தப் பக்கம் போனா?” என்று கேட்டது.

அதற்கு நான் சொன்னதாவது: பகல் பன்னிரண்டே கால் இருக்கும். டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மில் பஞ்சுக் குடோனில் தீப்பிடித்தபோது நான் ஒற்றை ஆளாகப் புகுந்து அணைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கபாய் தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதைப் பார்த்தேன். செத்த நேரம் கழித்துச் செல்லக்கனி கடையைத் தாண்டிப் போனாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இல்லை, மேற்கே, மலையைப் பார்த்துப் போகும் செண்பகத்தோப்பு ரோட்டில். அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. வெயிலில் ரோட்டில் வேறு ஆள் இல்லை. கையில் ஒன்றும் இல்லை, காலில் செருப்பு இருந்தது. கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கதை பாதியில் இருந்தது, எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தரம் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினேன். அதன் பிறகு அவள் போய்விட்டாள். குடோன் தீயை அணைத்தவர்கள் ஃபயர் சர்வீஸ்காரர்கள். நான் அன்றைக்கு லீவு.

செண்பகத்தோப்பு ரோட்டில் இதுவரை ஒருவரும் தேடவில்லை. நான் சொன்ன பஸ்ஸை நம்பித்தான் தேடவில்லை. இன்று நாலாவது நாள். ஜீப் வாசலில் நிற்கிறது, அவள் திரும்பிப் பார்த்த இடத்தைக் காட்ட நானும் போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் நான் கூட்டிச் சொன்ன இடங்களை நானே காட்டிக் கழித்துவிட்டேன். மீதி இருப்பது நடந்தது.

(ஒப்பம்)
மா. சங்கிலிப்பாண்டி