வளர்பிறையில் வெட்டிய மூங்கில்

அய்ய, சும்மா சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க சார்? ஏறி ஒக்காருங்க! மூங்கிலுதான், ஒடையாது. பெங்களூர்லருந்து சைக்கிள் வாங்கன்னே வந்துட்டு இப்பப் பயந்தா? எங்கூட்டுக்காரரு டீ வாங்கப் போயிருக்காரு. அவரு இருந்தா ஏறவே வுடமாட்டாரு. செஞ்சவருக்கே நம்பிக்கையில்ல, பாருங்க கூத்த!

லாரி ஓட்டிக்கிட்டிருந்தவருங்க அவரு. லாரிங்க உருளுற தொப்பூர் எறக்கம்னாலே எனக்கு இங்க சோறு எறங்காது. ஒருநாளு போன்ல எதையோ பாத்துட்டு, 'செல்லி, மூங்கில்ல சைக்கிள் செய்யப்போறேன், லாரி வேணாம்'னாரு. கிறுக்குப் புடிச்சிருச்சான்னு பாத்தேன்... லாரி வேணாம்னாரே, அந்தச் சந்தோசத்துல 'செய்யுங்க சாமி'ன்னுட்டேன்.

மொத சைக்கிளு இருக்குதே... என்னா பவுசு! சணலு சுத்தி, பசை ஊத்தி, வார்னீஷ் அடிச்சி, சந்தை நாளாப் பாத்து நல்லம்பள்ளிக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. படக்குன்னுச்சு! ஹேண்டிலு கையில, இவரு தக்காளிக் கூடையில! சிரிக்காதீங்க சார்... சரி, சிரிங்க. நானும் சிரிச்சேன், அப்பறமா அழுதேன். 'என் கையி சரியில்ல செல்லி, இந்த ரெண்டாவத அந்த பெங்களூர் சாரு வேணாம்னா நாளைக்கே லாரிக்குப் போயிடறேன்'னுட்டு, காலைல லாரி ஓனருக்கும் சொல்லி வெச்சிட்டாரு.

அவரு கைக்கு என்னாங்க கொறை? மூங்கில தேய்பிறையில வெட்டணும், இல்லாட்டி பூச்சி வுழும்னு மூங்கில் வெட்டிக் குடுக்கற வத்தல்மலை சவுரியப்பண்ணன் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. நல்ல காரியத்த யாராச்சும் தேய்பிறையில ஆரம்பிப்பாங்களா? இவருக்குத் தெரியாம போனப் போட்டு, 'வளர்பிறை முகூர்த்தத்துல வெட்டுங்கண்ணா'ன்னு... நான்தாங்க சொன்னேன். மூணே மாசம், அந்த மொத சைக்கிள பூச்சி அரிச்சி மாவு மாவாக் கொட்டுது! இவரு எந்திரிக்கிறதுக்குள்ள தெனம் கூட்டித் தள்ளிட்டுக் கம்முனு இருந்தேன். எறக்கத்துல ஒடஞ்சிருந்தா என்னா ஆயிருக்கும்?

இது அமாவாசைக்கு வெட்டுனது, நானே பக்கத்துல நின்னேன். ஒரு பொட்டு மாவு கொட்டல... ஏறிட்டீங்களா? மெதுவா, மெதுவா... சார்! எங்க சார் போறீங்க? அடியாத்தி, மேட்டுலயும் மிதிக்கிறாரே! கிறீச்சுன்னு ஒரு சத்தமில்ல! கைய வேற ஆட்டறாரு!

ஏங்க... நீங்க எப்ப வந்தீங்க? டீ கையெல்லாம் ஊத்துது பாருங்க. எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா? திட்டறதுன்னா திட்டிப்புடுங்க. என்னாங்க இது, சிரிக்கிறீங்களா, அழுவறீங்களா? அந்த போனக் குடுங்க இப்பிடி. லாரி ஓனருக்கு நாளைக்கு நீங்க வரலைன்னு நானே சொல்றேன்.