பின்னந்தலை பட்ட சுவர்

கிட்ட வந்து உட்கார், மகளே. அந்த ஆடுநாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். இந்தப் பக்கத்து நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை. முதலில் காபியைக் குடி, ஆறினால் அதில் ஒன்றும் இருக்காது. மழை விடுகிறவரை நீ எப்படியும் கிளினிக்குக்குத் திரும்ப முடியாது. சுவரில் அந்தக் கறை எப்படி வந்தது என்று கேட்டாய், அதை ஒரு கதையாகவே சொல்லிவிடுகிறேன். கதை சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் இந்தத் தெருவில் இந்த ஒடிலியா சொல்லும் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

நீ கெட்டிக்காரி. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள். என் கணவரின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள், ஐயோ பாவம் என்றார்கள், போனார்கள். நீ ஒருத்திதான் சுவரைப் பார்த்தாய். கதவுக்குப் பக்கத்தில், உன் தலைக்கும் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வட்டம். தலை எண்ணெய்தான். சுண்ணாம்பு அடித்தால் மறையும். மழைக்காலம் வந்தால் ஈரத்தோடு திரும்பி வந்து நிற்கும். நானும் சலிக்காமல் அடித்துப் பார்த்துவிட்டேன்.

இந்த வீட்டில் அவ்வளவு உயரமாக யார் இருந்தார்கள் என்று கேட்டாய். எவேலியோதான். சற்று முன் கட்டிலில் பார்த்தாயே, தாடை நெஞ்சில் புதைந்து, இடுப்பிலிருந்து கொக்கியாக வளைந்து, என் செருப்பைப் பார்த்துப் பேசுகிற மனிதர். அதே எவேலியோ.

இந்தப் பரக்கோவா ஊரில் அவரைவிட நிமிர்ந்து நடந்த ஆண்பிள்ளையை நான் கண்டதில்லை. லாரியில் பலகை போட்டு ஆளேற்றி, மலைப்பாதை வழியாகக் குவாந்தனாமோவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் எத்தனை வளைவு உண்டென்று உனக்குத் தெரியும். வளைவுக்கு ஒருத்தி என்று ஊரில் சொல்வார்கள். எதிர்வீட்டுத் தோமாசா என் முகத்துக்கு நேராகவே சொல்வாள்: "உனக்கென்னடி குறை? பேருக்குப் புருஷன் உனக்கு, பாதைக்கு டிரைவர் ஊருக்கு." நான் சிரித்துக்கொள்வேன். சிரிக்காவிட்டால் அவளுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றும்.

வலி வந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. விடியும்போது முதுகு பலகையாகக் கிடக்கும். எழுந்து நடமாடினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வலிக்கிற உடம்பு படுத்தால்தானே சுகப்படும், இவருக்கு எல்லாம் தலைகீழ். லாரியை விட்டார், வீட்டோடு கிடந்தார். கற்பூர எண்ணெயைச் சூடாக்கி முதுகில் தேய்ப்பேன். "கறுப்பி, உன் கை மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்டி" என்பார். அந்த மாதங்களில்தான் நான் முழுசாகக் கல்யாணமானவளாக இருந்தேன்.

பிறகு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்து, பயிற்சி சொல்லித்தர மயேலினை அனுப்பினார்கள். அவளும் உன்னைப் போலத்தான், ஒல்லியாக, படபடவென்று, ஆனால் தங்கமான பெண். என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஒடிலியாக்கா, நல்லா கேட்டுக்குங்க. இது வேலை செஞ்சு வந்த தேய்மானம் இல்ல. முதுகெலும்பு மூட்டுக்குள்ள அழற்சி. சாம்பலுக்கடியில நெருப்பு மாதிரி. மனுஷன் படுத்தே கிடந்தா அது கனன்னுகிட்டே இருக்கும், தினம் அசைஞ்சு கொடுத்தா தணியும். சும்மா விட்டீங்கன்னா எலும்போட எலும்பு ஒட்டிக்கும். ஒட்டினப்புறம் கடவுளே இறங்கி வந்தாலும் பிரிக்க முடியாது. எந்த நிலையில ஒட்டுதோ அந்த நிலைதான் கடைசிவரைக்கும்."

அதனால் தலையணை வேண்டாம், குப்புறப் படுக்கட்டும் என்றாள். காலையில் உடம்பை நன்றாகச் சூடாக்கி வளைத்து நிமிர்த்திவிட்டு, விரிகுடாவில் இறங்கி நீந்தட்டும் என்றாள். அப்புறம் இந்தச் சுவர். குதிகால் இரண்டும் சுவரில் பட நின்று, பின்னந்தலையையும் சுவரில் தொடவைக்க வேண்டும். முதல் நாள் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே என் கை முழுசாக நுழைந்தது.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல ஒரு நாள் வலி பொங்கும்க்கா. அது இந்த நோயோட குணம், பயிற்சியோட குத்தம் இல்ல. கடல்ல இறங்கினதாலதான்னு ஊரே சொல்லும். எங்கம்மாவே இஸ்திரி போட்ட கையோட தண்ணியத் தொடமாட்டா, சூட்டுடம்புல குளிர்ச்சி பட்டா நரம்பு இழுத்துக்கும், பாஸ்மோ வந்துரும்னு. அன்னிக்கு அவர் பயந்து படுத்துக்குவார். அவரை எழுப்பி நிறுத்துறது உங்க பொறுப்பு. மாத்திரை பாதி, நீங்க பாதி."

நான் தலையாட்டினேன்.

அவர் ஒழுங்காகச் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாரங்கள் போகப் போகச் சுவர் நெருங்கி வந்தது. ஒரு நாள் பின்னந்தலை பட்டது. குழந்தையைப் போலக் கத்திக் கூப்பிட்டார்: "கறுப்பி, வந்து பாரு, பட்டுருச்சு." நானும் கை தட்டினேன். அதன் பிறகு தினமும் பட்டது, எண்ணெயும் படிந்தது. ரத்தத்தில் அழற்சி இறங்கிவிட்டதென்று மயேலின் வந்து அவரைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். எவேலியோ மறுபடி லாரி ஏறினார். சனிக்கிழமைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

போட்டுக்கொடுத்தேன். காலர் மடிப்புக்குக் கஞ்சியும் வைத்தேன். அந்தச் சட்டையோடு ஆட்டக் கூடத்துக்குப் போய், மலை வளைவில் ஓலைக் கூம்பில் தேங்காய் மிட்டாய் விற்கிற சோய்லாவோடு விடியவிடிய ஆடினார். நான் சுவரோரப் பெஞ்சில் மற்றவர்களின் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோமாசா குனிந்து என் காதில் சொன்னாள்: "நல்லா வைத்தியம் பாத்தடி ஒடிலியா. சமைச்சது நீ, பந்தி அங்க நடக்குது."

அதற்குப் பின்னாலும் நான் ஒன்றும் செய்யவில்லை, மகளே. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மயேலின் சொன்ன அந்த நாள் வந்தது. பயிற்சி முடித்து, வேர்வையோடு கடலில் இறங்கி, ஈரத்துண்டோடு வாசலுக்கு வந்தவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. முதலில் அந்த வார்த்தையைச் சொன்னது நான் இல்லை, அவர்தான்.

"கறுப்பி, பாஸ்மோ அடிச்சிருச்சோ?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. "நான் என்னத்தைச் சொல்ல? எங்கம்மா சொன்னதைத்தான் உங்கம்மாவும் சொல்லியிருப்பாங்க" என்றேன். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. காபி வறுத்த சூட்டோடு மழையில் நனைந்து வாய் கோணிப்போன அத்தை ஒருத்தருக்கு இருந்தாள். இஸ்திரி போட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கை இழுத்துக்கொண்ட மைத்துனி இன்னொருத்தருக்கு. ஆளாளுக்கு ஒரு கதையோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லாரி ஓட்டி எமனையே மலைப்பாதையில் முந்தினவர், போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

நான் ஜன்னல்களைச் சாத்தினேன். கோழிச் சாறு வைத்தேன். தலைக்கு உயரமாக ஒரு தலையணை தைத்தேன், வாத்து இறகை நானே பொறுக்கிச் சுத்தம் செய்து அடைத்தது.

மயேலின் வந்தாள். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். உள்ளே ரேடியோவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தேன். அவருடைய அண்ணன் வந்து ஓல்கீனுக்கு அழைத்துப்போய்விட்டார், இனி அங்கேதான் வைத்தியம் என்றேன். "நல்லதுக்கா, ஆனா பயிற்சிய விடவேணாம்னு சொல்லுங்க" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வந்து அவரிடம், "அந்தப் பொண்ணு வந்துச்சு. அசையாம படுத்திருக்கணுமாம், அதுவே தப்பு பண்ணிட்டேன்னு அழுவுது" என்றேன். "சின்னப் பொண்ணு, திட்டாதடி" என்றார் எவேலியோ. நல்ல மனசு அவருக்கு.

கொஞ்ச நாளில் அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். நான் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. வேண்டுமானால் உள்ளே போய் முதுகைத் திருப்பிப் பார். இந்தத் தெருவில் என் பேரைச் சொல்லித்தான் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

சோய்லா ஒரு தடவை வந்தாள், ஓலைக் கூம்போடு. நான் தடுக்கவில்லை, நாற்காலி போட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றார். கழுத்து வரவில்லை. அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே, "யாரும்மா அது?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூம்பைப் பிரித்து நான்தான் ஊட்டினேன். மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? மயேலின் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறாயா? அப்படி எழுதிக்கொண்டால் உனக்கு மனசு லேசாகும், எனக்குத் தெரியும். ஆனால் நீ நல்ல பெண், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். முதல் தடவையே புரிந்தது. பாஸ்மோவை நான் ஒரு நாளும் நம்பினவள் இல்லை, சிறுவயதிலிருந்து இஸ்திரிக் கையோடு தண்ணீரில் விளையாடினவள் நான். எந்த நிலையில் ஒட்டுகிறதோ அதுதான் கடைசிவரை என்றாளே, அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த தலையணையையும் அதற்கடுத்ததையும் தைத்தேன். நேராகப் படுத்த நிலையில் ஒட்டியிருந்தால் மனிதர் கூரையையல்லவா பார்த்துக்கொண்டிருப்பார்? இப்போது பார்வை விழுகிற இடத்தில் நான் இருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்று நீ அவரை மூச்சை இழுத்து விடச் சொன்னாய். விலா இன்னும் முழுக்க இறுகவில்லை, பயிற்சி கொடுத்தால் நெஞ்சு விரியும், நாற்காலியில் வைத்துக் கடற்கரைவரை கொண்டுபோகலாம் என்றாய். அப்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது, யாராலும் முடியாது. நான் அவர் கால்விரலைப் பார்த்தேன். அசைந்தது. லாரியின் பிரேக்கை மிதிக்கிற மாதிரி அசைந்தது.

இரு, கூப்பிடுகிறார். இந்த மழைச் சத்தத்தில் நாம் பேசியது அவர் காதில் விழுந்திருக்காது.

"கறுப்பி, அந்தப் பொண்ணு இருக்கா? நாளைக்கு எத்தனை மணிக்கு வருதுன்னு கேளு."

"போயிருச்சுங்க. உங்களுக்கு இனிமே ஓய்வுதான் மருந்துன்னு சொல்லிட்டுப் போச்சு. கண்ண மூடுங்க."

பார்த்தாயா, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு சாந்தமான மனிதரை அந்த வளைவுகளில் யாரும் பார்த்ததில்லை, நான்தான் பார்த்தேன்.

மழை விட்டுவிட்டது. எழுந்துகொள்கிறாயா? இந்தச் சால்வையைப் போர்த்திக்கொள், காபி குடித்த சூட்டோடு ஈரக்காற்றில் இறங்காதே. உன் விரலில் மோதிரம் புதிதாக இருக்கிறது. நல்லா இரு, மகளே. உன் அடுப்பு அணையாமல் எரியட்டும், உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உன் வீட்டுக்காரன் உன் வாசலைத் தாண்டாமல், எந்நாளும் உன் காலடியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.