குப்பைத் தொட்டியில் ஒரு குரல்

குப்பைத் தொட்டி பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. குப்பை போடத் தெரிந்தவன் பேசாத தொட்டியிலும் போடுவான். தெரியாதவன் கீழேதான் போடுவான். இதை ஸ்டெல்லாவிடமே சொல்லியிருக்கிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டு பேப்பர் கொடுத்தார். என் பெயர் மரிய அருள். வயது முப்பத்தொன்று. பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். பெயிண்ட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. கரிக்கலாம்பாக்கத்தில் புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு. ஸ்டெல்லா என் மனைவி, கல்யாணமாகி நான்கு வருடம். செலியமேட்டுப் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர். போன அக்டோபரில் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்தப் பள்ளியில் டிங்கரிங் லேப் என்று ஓர் அறை இருந்தது. ஸ்டெல்லாதான் அதற்குப் பொறுப்பு. பிள்ளைகள் அங்கே செய்ததையெல்லாம் ஊரே பாராட்டியது. நானும் பார்த்திருக்கிறேன். மாடு கொட்டகையை விட்டு வெளியே போனால் அடிக்கும் மணி. மழை வந்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் கொடிக்கயிறு. மழை இல்லாத நாளில் ஒரு பையன் டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டுவான், வந்தவர்கள் கை தட்டுவார்கள். எல்லாமே அட்டை, தெர்மாகோல், பசை. ஒரு மாதம் தாங்காது.

அவள் தினமும் ஆறு மணி வரை அங்கேதான். சனிக்கிழமையும் போவாள். வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் ஈயம் பற்றவைத்த வாசனை அடிக்கும். பேச்சு தீர்ந்துபோய் வருவாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், நான் பதில் சொல்வேன், அதோடு சரி. சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்கள் என்றால் சொல்வார்கள்.

பேசும் தொட்டியைச் செய்தது ஒன்பதாம் வகுப்பு ஷெரின். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அந்தோணி மேரியின் மகள். நீலப் பிளாஸ்டிக் தொட்டி. எதிரே யாராவது வந்தால், கையை ஆட்டினால்கூட, சென்சார் பார்த்துவிடும். மூடி திறக்கும். உள்ளேயிருந்து குரல் வரும். "வா கண்ணு. உள்ள போடு. நல்ல புள்ள." அது ஸ்டெல்லாவின் குரல். பிள்ளைகளின் குரல் சரியாகப் பதிவாகவில்லை என்று இவளையே பேச வைத்திருக்கிறார்கள். என்னை அவள் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அதை நான் எதிர்பார்த்ததும் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை பாகூரில் கொம்யூன் அளவில், அதாவது வட்டார அளவில், அறிவியல் கண்காட்சி. மாத்திரை போட்டுக்கொண்டு போ என்று நான் சொன்னதாக என் மாமியார் சொல்கிறார். சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொல்வதுதான். புதன்கிழமை மதியம் லேபிலிருந்து மூன்று முறை போன் செய்தாள். லேபிலிருந்து கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. அவளுக்கும் அது தெரியும். சனிக்கிழமை இறந்தாள். தொட்டிக்கு முதல் பரிசு.

இறந்தவர்களின் குரலை என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு முறை என்று இருக்கிறது. நவம்பரில், அவளுடைய வருங்கால வைப்பு நிதித் தாள்களில் கையெழுத்துப் போட பள்ளிக்குப் போனேன். தொட்டியை வராந்தாவில், சத்துணவு வரிசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், பேப்பர கிழிச்சி கிழிச்சி போடுடா. மிஸ் அத்தினி வாட்டி பேசுவாங்க."

"மிஸ், தமிழ்க்குமரன் வூட்டுப்பாடம் எழுதல மிஸ்."

தொட்டி சொன்னது: "நல்ல புள்ள."

"பாரேன், அதுக்கும் நல்ல புள்ளங்குது. மிஸ் செத்தும் உன்ன நம்புறாங்கடா."

சிரித்தார்கள். ஒருத்தி வாழைப்பழத் தோலைப் போட்டாள். அதற்கும் ஸ்டெல்லா நன்றாகவே பேசினாள்.

தலைமையாசிரியை செல்வகுமாரி மேடத்திடம் மரியாதையாகத்தான் சொன்னேன். அதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"இன்னா சார் நீங்க. ஸ்டெல்லா நெனப்பா இருக்கட்டும்னு புள்ளைங்க ஆசையா வச்சிருக்குதுங்க."

"நினைப்புக்குக் கல்லறை இருக்குது மேடம்."

"அப்பிடிச் சொல்லாதீங்க சார். ஜனவரில புதுச்சேரி கண்காட்சிக்குப் போவுது. அவங்க பேருதான சார் நிக்கும்."

அவள் பேர் நிற்காது. ஷெரின் பேர்தான் நிற்கும்.

வெளியே வந்தபோது ஷெரின் பின்னாலேயே ஓடி வந்தாள். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல், கையில் பசை ஒட்டிக் காய்ந்த தோல். உள்ளே பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், மிஸ் வாய்ஸ் உங்ககிட்ட இல்லியா அங்கிள்?"

இல்லை என்றேன். உண்மை. போன் மாற்றியபோது ஸ்டெல்லா அனுப்பியிருந்த பழைய வாய்ஸ் மெசேஜ்கள் போய்விட்டன. அவற்றை அப்போதும் நான் கேட்டதில்லை.

"நா தர்றேன் அங்கிள். தொட்டியில இருக்கிறது குட்டி ஃபைல்தான். ரெக்கார்ட் பண்ணது பெருசு, பதினோரு நிமிஷம். மிஸ் நெறைய பேசியிருக்காங்க. அத்தயே பென் டிரைவ்ல ஏத்தித் தர்றேன்."

மறுநாள் வீட்டுக்கே சைக்கிளில் வந்து கொடுத்தாள். அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பாவில் முறுக்கும் இருந்தது. நல்ல பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று சாயங்காலமே கேட்டேன். முதலில் மேசை இழுக்கும் சத்தம். ஸ்டெல்லா சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பையன் குரல்: "மிஸ், சாருகிட்டயும் இப்பிடித்தான் கண்ணுன்னு பேசுவீங்களா?" பிள்ளைகள் ஊளையிடுகிறார்கள். அவள் சொல்கிறாள்: "அவருகிட்ட எதுக்குடா பேசணும்? இந்தத் தொட்டியாவது மூடியத் தொறக்கும்." மறுபடி சிரிப்பு. ஷெரினின் சிரிப்பும் அதில் இருக்கிறது. பிறகு ஸ்டெல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா கண்ணு" என்கிறாள்.

ஷெரின் இதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாளா என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டிருக்க மாட்டாள் என்று அப்போது நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு நிமிஷம் லேபில் உள்ள கம்ப்யூட்டரில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இறந்தவளின் மரியாதையை யாராவது பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஷெரினைப் பார்த்துக் கேட்டேன். உன்னிடம் இருப்பதை அழித்துவிடுவாயா என்று.

"அய்யோ, அது எப்பிடி அங்கிள்? ப்ராஜெக்டே போயிடுமே."

"பெரிய ஃபைல மட்டும்."

"அத்த அழிக்க மனசே வராது அங்கிள். நாங்க எல்லாரும் அப்பப்ப போட்டுக் கேப்போம்."

அப்பப்ப போட்டுக் கேப்போம். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. நான் சரிம்மா என்றேன்.

கண்காட்சி ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, பூசை நேரத்தில் பள்ளிக்குப் போனேன். அந்நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். வாட்ச்மேன் அய்யனார் டீ குடிக்கக் கடைப்பக்கம் போயிருப்பார். லேபின் இன்னொரு சாவி ஸ்டெல்லாவின் கைப்பையில் இருந்தது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கம்பெனியில் டப்பா கழுவ வைத்திருக்கும் தின்னரில் ஒரு கேன் எடுத்துப் போயிருந்தேன். தொட்டியும் கம்ப்யூட்டரும் போனால் போதும் என்பதே என் திட்டம்.

சாவி தேவைப்படவில்லை. பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது. அய்யனார் மறந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. ரோஸ் நிறம், சின்ன அளவு. பள்ளிக்கூடம் என்றால் எங்காவது செருப்பு கிடக்கத்தான் செய்யும். சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதையும் பார்த்தேன்.

கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். காற்று அடித்தது. கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் யாராவது வந்து பார்ப்பார்கள். காரணம் அவ்வளவுதான். ஜன்னலுக்கு உள்பக்கம்தான் ப்ராஜெக்ட்களை அடுக்கி வைப்பார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதனால்தான் பார்க்கவில்லையா என்று நேற்று கேட்டீர்கள். அது உங்கள் ஊகம்.

கம்பி வழியாக ஊற்றினேன். அப்போது உள்ளேயிருந்து ஷெரினின் குரல் வந்தது. "யாரு? அய்யனாரண்ணனா? பேட்டரி சார்ஜ் போட வந்தேண்ணா, இதோ கெளம்பிடுறேன்." நான் கேனைக் கீழே வைத்தேன். பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தேன். இந்த வரிசையில்தான் நடந்தது. மாற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்று வக்கீல் சொன்னார். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அட்டை என்பதால் சீக்கிரம் பிடித்தது. மறுநாள் கொண்டுபோவதற்காகத் தொட்டியைக் கதவோரம் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஷெரின் கதவுக்கு வந்து இரண்டு கையாலும் அடித்தாள். கை ஆடும்போதெல்லாம் சென்சார் பார்த்தது. நான் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். அங்கே நன்றாகக் கேட்டது.

புகையைப் பார்த்து அய்யனார் ஓடி வந்தார். "சார், இன்னா சார் நிக்கிறீங்க, புள்ள செருப்பு கெடக்குது சார், உள்ள புள்ள இருக்குது" என்று கத்தினார். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்ததில் அவருக்கு உள்ளங்கை வெந்துவிட்டது. ஷெரின் செவ்வாய்க்கிழமை இறந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். இந்த வாக்குமூலத்தில் உள்ளதெல்லாம் நான் சுயநினைவோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது.

ஒன்றை மட்டும் சரியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் அங்கே நின்றது அந்தப் பெண் சாவதைப் பார்க்க இல்லை. ஸ்டெல்லா பேசிக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக நிறுத்தாமல், திரும்பத் திரும்ப, என்னைப் பார்த்துப் பேசினாள். அந்தப் பெண் நடுவில் கத்திக்கொண்டே இருந்ததால், கடைசியில் ஸ்டெல்லா என்னிடம் என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.