தண்ணீருக்குள் தெஹ்ரி

போன சனிக்கிழமை, புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், மரக்கறிக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"என்ரை சம்பந்தி, தன்ரை வீட்டை போறன் எண்டு ஏரிக்குள்ளை இறங்கிட்டார்."

இளையவர் முருங்கைக்காயைக் கூடையில் வைத்தார். "என்னக்கா சொல்லுறியள்? மருமகன்ரை தகப்பனோ? அந்த இந்தியாக்காரரோ?"

"ஓம். இமயமலைப் பக்கம் தெஹ்ரி எண்டு சின்ன ஊர். ரெண்டு ஆறு சேருற இடத்திலை ராசா கட்டினதாம். அரண்மனை, மணிக்கூட்டுக் கோபுரம், கடைத்தெரு எல்லாம் இருந்ததாம். அணை கட்டி முழுசாத் தாட்டுப்போட்டாங்கள். சனத்துக்கு மேலை மலையிலை புது ஊர் கட்டிக் குடுத்தவை."

"பிறகேன் இறங்கினவர்?"

"மறதி வருத்தம். வீடு கீழை இருக்கு எண்டு ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுவார். ஆராவது மறிச்சுக் கூட்டி வருவினம். அண்டைக்கு ஒருத்தரும் காணேல்லை."

"உடம்பு?"

"கிடைக்கேல்லை."

இளையவர் கூடையைக் கீழே வைத்தார். "ஊரிலை எங்கடை வீடும் ஆமி பிடிச்ச இடத்துக்குள்ளைதான் அக்கா. எண்டாலும் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கூரையைப் பாக்கலாம்."

"மகளும் மருமகனும் இஞ்சையிருந்து போய், படகிலை பூப் போட வெளிக்கிட்டவை. வீட்டுக்கு நேர் மேலை நிப்பாட்டுறன், வீடு எங்கை எண்டு படகுக்காரன் கேட்டானாம். ஊர் தண்ணிக்குள்ளை தாழேக்கை மருமகன் சின்னப் பிள்ளை. அவருக்குச் சொல்லத் தெரியேல்லை. ஏரியைச் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு, பூவைக் கையிலை வைச்சுக்கொண்டே திரும்பி வந்தவராம்."