அருவிக்குப் போகும் வழி

கண்ணாடிப் பாலமா? தாராளமா கட்டலாம் சார். நான் வெறும் காவலாளி, வேணாம்னா சொல்லப் போறேன்? காலைலேர்ந்து அருவி முன்னாடி நின்னு எடுத்த படத்தையெல்லாம் மந்திரிக்கே அனுப்பிட்டீங்களா? பாலம் இங்கதான்னு கையெழுத்தும் போட்டாச்சா? அப்ப சரி. இனிமே மனசு விட்டுப் பேசலாம்.

நான் வேலைக்கு வந்தப்போ இந்தக் காட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தா அதிகம். அப்புறம் கூட்டம் கூடுச்சு. அருவி கெட்டுப்போகுதுன்னு நம்ம துறைக்குக் கவலை. சும்மா இருப்பாங்களா? கூட்டத்தக் குறைக்க வழி சொல்லுன்னு ஒரு குழு போட்டாங்க. குழு வந்து எறங்க எடம் வேணும்ல? நாப்பது மரத்த வெட்டி வண்டி நிறுத்த எடம் பண்ணாங்க. எடம் இருக்குன்னு தெரிஞ்சதும் பஸ்ஸு பஸ்ஸா ஜனம்.

ஆபத்து, கிட்டப் போகாதேன்னு பலகை வச்சாங்க. அந்தப் பலகையோட நின்னு போட்டோ எடுக்கவே தனியா ஒரு கூட்டம் வந்துச்சு. சிரிக்காதீங்க சார், அவங்க போட்டதையெல்லாம் அள்ளுனவன் நான். ஷாம்பு கவரு, பாட்டிலு, கொழந்தைங்க டயாப்பரு. பாறையில ஒரு பொண்ணு பேர எழுதிட்டுப் போனவன், ரெண்டு மாசம் கழிச்சு வந்து வேற பேர எழுதுறான். அந்த அருவின்னா எனக்கு உசுரு சார்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு காத்துல வழிகாட்டிப் பலகை சாஞ்சுருச்சு. நிமித்தி நட்டேன். அம்புக்குறி வேற பக்கம் பாத்துக்கிச்சு. சத்தியமா கை தவறித்தான். திருத்தட்டுமான்னு ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். உத்தரவு வர்ற வரைக்கும் பலகைல கை வைக்காதேன்னு பதில் வந்துச்சு. உத்தரவு இன்னும் வரல. நானும் ஞாபகப்படுத்தல.

ஜனம் அம்பு காட்டுற எடத்துக்குப் போச்சு, நனைஞ்சுச்சு, சந்தோஷமா வீட்டுக்குப் போச்சு. பழைய எடத்துல பாறையெல்லாம் பாசி புடிச்சுருக்கு. மீன்கொத்தி வருது. தெனம் ஒரு தடவ தனியாப் போய்ப் பாத்துட்டு வருவேன்.

ஒரு நிமிஷம் சார், போன். ம், சொல்லு. இரு, கேட்டுச் சொல்றேன்.

ஒண்ணுமில்ல, என் மச்சான். மேல குடிதண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுறவன். நீங்க வர்றீங்கன்னு காலைலேர்ந்து சாப்பிடக்கூடப் போகாம தொட்டிய வழிய விட்டுக்கிட்டு இருக்கான். இன்னும் படம் எடுக்கணுமா, இல்ல அருவிய நிறுத்திட்டு சாப்பிடப் போகலாமான்னு கேக்குறான்.