பேச்சியம்மாளின் கை

நான் ராசி, சகுனம் எதுவும் பார்க்கிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. முடி வெட்டிக்கொள்வதுகூட ராகு காலத்தில்தான். சலூனில் கூட்டம் இருக்காது.

ஆனால் தி. நகர்க் கடைக்காரர்கள் பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். அறுபத்தெட்டில் இருகரை வங்கியைத் தொடங்கியபோது, ராஜரத்தினம் சொன்னால் கேட்பார்கள் என்றுதான் என்னை மேனேஜராகப் போட்டார்கள். வங்கியின் மூலதனத்தில் பாதி மெட்ராஸ் பங்காளிகளுடையது, பாதி பினாங்குப் பங்காளிகளுடையது. கடல் கடந்த பணம் என்றதும் ஜனங்களுக்குச் சந்தேகம். அதைப் போக்கத்தான் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சண்முகவேலின் மனைவி அவள். கைராசிக்காரி என்று பேர். புதுக் கடை எதுவானாலும் முதல் போணி அவள் கையால்தான். எங்கள் கவுண்டரிலும் முதல் பணத்தை அவளே போட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அபிராமபுரத்துப் பென்ஷன்காரர்களிலிருந்து நொச்சிக்குப்பத்து மீன்காரிகள் வரை தாங்களே தேடி வந்தார்கள்.

அந்தப் பணத்தையெல்லாம் பினாங்கில் ரப்பர் கிடங்குகளுக்குக் கடனாகக் கொடுத்தோம். கிடங்குகள் கிடையாது. எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு ஊர்ப் பங்காளிகளும்தான். எனக்கும் ஒரு பங்கு வந்தது. பினாங்குக்காரர்கள் மெட்ராஸ்காரர்களை ஏமாற்றினார்கள், இவர்கள் அவர்களை ஏமாற்றினார்கள். நான் இரு தரப்புக்கும் நாணயமாக நடந்துகொண்டேன்.

எழுபத்து நாலில் ஒரு வெள்ளிக்கிழமை விஷயம் கசிந்துவிட்டது. வங்கி வாசலிலிருந்து பனகல் பூங்கா வரை வரிசை. பெட்டகத்தில் மிஞ்சியிருந்தது எல்லாருக்கும் காணாது. சிலருக்குக் கொடுத்து, சிலருக்கு இல்லை என்று சொல்வது அநியாயம் அல்லவா? ஆகவே யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பேச்சியம்மாளுக்கு என் காரை அனுப்பினேன்.

"சனம் இப்படி நிக்கே, அண்ணாச்சி. பயம் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"நீ ஒரு தடவ போடு. எல்லாம் அடங்கிரும்."

"மவ கல்யாணத்துக்கு வச்சதுதான் இருக்கு."

"அது போதும், தாயி."

வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, வரிசை முழுக்கப் பார்க்கக் கவுண்டரில் போட்டாள். வேலு என்ற ரிக்‌ஷாக்காரன்தான் முதலில் நகர்ந்தான். "அக்காவே போட்டுகினு கீது. நாம இன்னாத்துக்கு நைனா நிக்கிறோம்?" மத்தியானத்துக்குள் வாசல் காலி. அவளை அழைத்து வந்த அதே காரைப் பின்பக்கம் நிறுத்தி, பெட்டகத்தில் இருந்ததை ஏற்றினேன். அவள் பணமும் அதில்தான் போயிற்று. அவளை ரிக்‌ஷாவில் அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை வங்கி திறக்கவில்லை. கூட்டம் கல்லோடு என் வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே பேரக் குழந்தைகள். நான் குரலை உயர்த்தவில்லை. "முதல் பணமும் அவ கை, கடைசிப் பணமும் அவ கை. வெள்ளிக்கிழமை அவ தொட்ட பிறகுதானே பூட்டினோம்? உங்கள மாதிரி நானும் நாசமாப் போனேன்" என்றேன். கடைசி வாக்கியம் தவிர அதில் பொய் கிடையாது.

கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ரங்கநாதன் தெருவுக்குப் போனார்கள். அவள் வலது கையை வாசல் நிலையில் வைத்துக் கடைக் கதவைச் சாத்தினார்களாம். ஒரு தடவை இல்லை. சாத்தியவன் வேலு. விரல்கள் இனி மடங்காது என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே இல்லை, ஐயா. வாழ்க்கையில் யார் மேலும் கை ஓங்கினவன் இல்லை நான்.

மகள் கல்யாணம் நின்றுபோனது. போணிக்கு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. எதிரே வந்தால் கடைக்காரர்கள் உள்ளே போய்விடுகிறார்கள்.

கட்டுப் பிரிக்கும் முன்பே அவள் என்னைத் தேடி வந்தாள். இடது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "என் கையாலதான் உங்களுக்கு இப்படி ஆயிட்டு, அண்ணாச்சி. மன்னிச்சிருங்க" என்று அழுதாள். எனக்கு மனசு இளகிவிட்டது. மன்னித்தேன்.

வங்கியைக் காலி செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க எதுவும் இல்லை. அந்தப் பழத்தை மட்டும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மாட்டுக்குக்கூட வேண்டாம், குப்பையில் கொட்டு என்று சொல்லிவிட்டேன். அவள் கை பட்டது. குழந்தைகள் இருக்கிற வீடு.