ஆசிட் ரூம் கதவு

ஸ்டேசன் டீ நல்லா இருக்குதுங்க மேடம், இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க. நான் நிதானமாவே சொல்றனுங்க, நீங்க எழுதிக்குங்க.

எம்பேரு நஞ்சுண்டன். பீளமேட்டுல இருபத்தாறு வருசமாத் தூண்டில் முள்ளு பண்றேன். நம்மூர் ஆத்துக்கு இல்லீங்க, வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுத்து வாங்கற பையருக்கு. அங்க அந்த முள்ளுல இறகும் நூலும் சுத்திப் பூச்சி மாதிரியே கட்டி மீனை ஏமாத்துவாங்க.

மெர்சி எங்கிட்ட ஒம்பது வருசமா வேலை பாத்தவ. முள்ளு கூரா இருக்குதான்னு சோதிச்சுப் பாக்கற வேலை. நல்ல பொண்ணுங்க.

ஆசிட் ரூம்ல பொகையை இழுக்கற ஃபேன் தீவாளிக்கு முன்னாடியே ரிப்பேர். ரெண்டு பேரு நெஞ்சடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. "திங்கக்கெழம வார பையர்கிட்ட நானே சொல்லிப்போடுவனுங்கண்ணா"ன்னா மெர்சி. சொன்னா ஆர்டர் போயிரும்.

வெள்ளிக்கெழம மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. "கண்ணு, உள்ள ஒரு கூடை இருக்குது, எடுத்துட்டு வா"ன்னேன். போனா. வெளிய தாப்பாளைப் போட்டேன். பத்து நிமிசம் பயப்படட்டும்னுதானுங்க.

"அண்ணா, தெறங்கண்ணா. மூச்சு முட்டுதுங்கண்ணா."

அந்நேரம் பையர் போன் பண்ணுனார். இந்த முள்ளு எப்படியெல்லாம் மாறுச்சுன்னு அவங்க பத்திரிகைக்கு எழுதோணுமாம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னனுங்க. முன்னெல்லாம் கனமான கம்பி, ஒவ்வொரு நுனியையும் அரத்துல ராவுவோம். அப்புறம் ஆசிட்ல முக்கிக் கூர் ஏத்தற முறை வந்துச்சு, கம்பியும் மெலுசாச்சு. மீன் கழண்டுக்காம இருக்க நுனிக்குக் கீழ ஒரு எதிர்முள் வெப்போம். இப்ப புடிச்ச மீனை உசுரோட தண்ணியில திரும்ப உடறாங்க, அதனால எதிர்முள் இல்லாததுதான் கேக்கறாங்க.

அது என்ன சத்தம்னு கேட்டார். மிசினுங்க சார்னேன்.

கதவு அதிர்ந்துச்சு. ஒரு கையில அமுத்திப் புடிச்சுட்டே பேசினேன். தகரக்கதவு, அவ அடிக்கற ஒவ்வொரு அடியும் என் உள்ளங்கையில தெரிஞ்சுது. மொதல்ல தோள் உசரத்துல. அப்புறம் முட்டி உசரத்துல. அப்புறம் தரையோட. ஆனா எம்பேச்சு தடுமாறலீங்க.

போனை வெச்சப்ப முனகல் கேட்டுட்டே இருந்துச்சு. அப்பவே தெறந்திருந்தாப் பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாராமுங்க. எனக்கு அது அப்பவே தெரியுமுங்க. பொழைச்சாப் பேசுவா. அதனால முனகல் நிக்கற வரைக்கும் நின்னுட்டு, அப்புறம்தான் தெறந்தேன்.